ஸ்டூல் சிஸ்டர்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஐந்தாறு சிஸ்டர்கள் இருந்தார்கள். கட்டிலில் படுத்திருக்கும் பெண்கள் ஒருவரை மட்டும்தான் கேட்பார்கள். "ஸ்டூல் சிஸ்டர் வந்துட்டாங்களா?"

முதல் நாள் அதைக் கேட்டதும் நான் முகத்தைச் சுளித்தேன். மூடி போட்ட சின்ன டப்பாவைக் கொடுத்து "ஸ்டூல் டெஸ்ட், காலையில பிடிச்சுட்டு வா" என்று சொல்வார்களே, எனக்குத் தெரிந்த ஸ்டூல் அது ஒன்றுதான். பக்கத்துக் கட்டில் அக்காவிடம், "இன்னாக்கா, அந்த டெஸ்ட்டு எடுக்கறவங்களையா இப்டித் தேடறீங்க?" என்று கேட்டேன். அந்த அக்காவுக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி, சிரிக்க வெக்காதடி, தையல் பிரிஞ்சிடும். அது இல்ல. உக்கார்ற ஸ்டூலு."

மதியம் இரண்டு மணிக்கு அவர் வந்தபோதுதான் புரிந்தது. குள்ளமான உருவம், நரைத்த கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. மற்றவர்கள் எல்லாம் கால்மாட்டில் நின்றபடியே கட்டிலில் தொங்கும் அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். இவர் கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்பு ஸ்டூலைக் காலால் இழுப்பார். கிரீச் என்று வார்டு முழுக்கக் கேட்கும். தலைமாட்டில் போட்டு உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தால் அவர் தலை, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் நம் தலைக்குக் கீழே போய்விடும். அங்கிருந்து அண்ணாந்து பார்த்துக் கேட்பார்.

"சொல்லுங்க. எப்டி இருக்கீங்க?"

பதினெட்டு வயதில் என்னை வாங்க, போங்க என்று கூப்பிட்ட ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவரே அதைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தார். பெயர்ப் பட்டையில் ஊசி உடைந்துவிட்டது, மாற்றவே இல்லை. யாராவது கேட்டால், "என் பேரு இன்னாத்துக்கு? உங்க பேரைச் சொல்லுங்க, எழுதணும்" என்பார். அவர் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. எங்காவது யாராவது நாற்காலியை இழுத்தால்கூட எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

நான் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டேன். பதினெட்டு முடிந்த மறு மாதம், பிடித்தவரோடு போய்க் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டேன். அவருக்கு அப்போது இருபத்தொன்று, பெங்களூரில் பார்சல் கம்பெனியில் வேலை. அம்மா ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மாவும் தினமும் காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு ஆபீசில் துடைக்கிற வேலை செய்கிறவள். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீட்டிலிருந்து நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதை ஒரு நாள் பார்த்திருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பை ஆரஞ்சோடு வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போனியாடி?" என்றாள். அதோடு சண்டை முடிந்தது. மாமியார் இல்லாத வீடு. அதனால் அம்மாதான் என்னைக் கூட்டிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர் என் வயதைக் கேட்டார். ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பேனாவால் வயதைச் சுற்றி வட்டம் போட்டார். உள்ளே இருந்த டாக்டரம்மாவிடம் என்னைக் கூட்டிப்போய், "டீனேஜ் ப்ரைமி மேடம்" என்றார். அந்தம்மாவும் என்னைப் பார்க்காமலேயே, "ம்ம், இன்னொரு டீனேஜ் ப்ரைமியா?" என்றார்.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, எனக்கு ப்ரைமி கீதாம். டீனேஜ் ப்ரைமியாம்."

அம்மா பயந்துபோனாள். மறுநாள் ரயிலில் கூட வருகிறவர்களிடம் எல்லாம் விசாரித்திருக்கிறாள். ஒருத்தி, தன் நாத்தனாருக்கும் அது இருந்ததாகவும் உப்பைக் குறைத்ததும் போய்விட்டதாகவும் சொன்னாளாம். இரண்டு மாதம் வீட்டில் எனக்கு உப்பில்லாத சோறு. பிரசவத்துக்குச் சேர்ந்த அன்று, ஸ்டூலில் உட்கார்ந்து சிஸ்டர் வழக்கம்போல, "வேற ஏதாச்சும் வியாதி இருந்துச்சா? சக்கரை, பிரஷர்?" என்று கேட்டார். நான், "ப்ரைமி இருந்துச்சு சிஸ்டர். இப்ப கம்மி" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ப்ரைமின்னா மொதல் பிரசவம்மா. அவ்ளோதான். வியாதி இல்ல. இத யாரும் உங்களாண்ட சொல்லலையா?"

"இல்ல சிஸ்டர்."

"டீனேஜ்னா?"

"சின்ன வயசு. அது தெரியும். அதத்தான் எல்லாரும் சொல்லிட்டாங்களே."

அதற்குத்தான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்து போய், சீட்டு எழுதுகிறவரிடம் சத்தம் போட்டார். வார்டு வரை கேட்டது. "ரெண்டு மாசமா அந்தப் பொண்ணு உப்பில்லாம துன்னுதுய்யா! தலைக்கு மேல பேசறீங்களே, ஒரு வார்த்தை குனிஞ்சு சொன்னா இன்னா?"

பிரசவ அறையில் மற்றவர்கள் என்னிடம் சொன்னதை எழுத மாட்டேன். சின்ன வயதில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். கத்தினால் ஒரு பேச்சு, கத்தாவிட்டால் ஒரு பேச்சு. சிஸ்டர் என் காதருகே ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கத்துங்க. உங்க வலி, உங்க தொண்டை." எனக்குப் பெண் பிறந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கும் என் அம்மாவுக்கும் தகராறு ஆரம்பித்தது.

வார்டில் மருந்து கொடுக்க வருகிறவர்கள், "எட்டாம் நம்பர் அம்மா யாரு?" என்று கூப்பிடுவார்கள். என் அம்மா எழுந்து போவாள். பழக்கம். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் என் சார்பில் எழுந்து போனவள் அவள்தானே. நானும் படுத்தபடியே இருப்பேன். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க பாட்டி. அம்மா வரட்டும்."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பாட்டி என்றது தன்னைத்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள்.

"முப்பத்தேழு வயசு எனக்கு. ஒரு நரை கீதா பாரு. ஆபீஸ்ல செக்யூரிட்டிலாம் என்னை இன்னும் 'அக்கா'ன்னுதான் கூப்புடறான். இவ பாட்டின்றா. அவ கொண்டையப் பாத்தியா, அவதான் பாட்டி!"

இன்றுவரை என் மகள் அவளைப் பாட்டி என்று கூப்பிட்டது கிடையாது. அம்மா கூப்பிட விட்டதில்லை. குழந்தை அவளுக்கு வைத்த பெயர் 'ரயிலம்மா'.

ஆனால் சிஸ்டர் விடவில்லை. "வலி இருக்கா?" என்று கேட்டதும் அம்மா, "இருக்கு சிஸ்டர்" என்பாள். "நேத்து தூங்கினாங்களா?" என்றால், "எங்க தூங்கினா?" என்பாள். சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் அதே குரலில், "அம்மாவைக் கேட்டேன்" என்பார். "நான்தானே அம்மா!" "நீங்க இவங்களுக்கு அம்மா. நான் பாப்பாவோட அம்மாவைக் கேக்கறேன்." ஒரு தடவை அம்மா வராண்டாவில் போய் அழுதாள். எனக்குச் சிஸ்டர் மேல் கோபம்கூட வந்தது. எல்லோரும் அவரைத் தேவதை என்கிறார்கள். அவருக்குப் பெரியவர்களிடம் பொறுமையே கிடையாது. கூட வந்திருக்கும் பெண்கள் என்றால் முகத்தில் அடித்த மாதிரி பேசுவார். அது உண்மை.

மூன்றாம் நாள் காலையில் என் குழந்தை சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை. மார்பில் வைத்தால் இரண்டு வாய் சப்பிவிட்டு விட்டுவிடும். எழுப்பினால் கண்ணைத் திறக்கும், மூடிக்கொள்ளும். எட்டு மணிக்குக் காலை டியூட்டி நர்ஸிடம் போய்ச் சொன்னேன். "குழந்தை தூங்கறது நல்லதுதானே? போய்ப் படு." பத்து மணிக்கு மறுபடியும் போனேன். "உனக்குப் பால் குடுக்கத் தெரியல. உனக்கே இன்னும் யாராச்சும் சோறு ஊட்டணும், நீ எங்க ஊட்டப் போற?" என்றார் அவர். பக்கத்தில் இருந்த ஆயா சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. என் குழந்தை அப்படிக் கிடக்கும்போது நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு நான் போகவில்லை. போனால் திட்டுவார்கள் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்கு ஸ்டூல் கிரீச்சிட்டது.

"சொல்லுங்க."

அம்மா, "நல்லாத்தான் கீது சிஸ்டர், பாப்பா தூங்கினே கீது" என்றாள்.

"அம்மாவைக் கேட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற கட்டில்காரர்கள் கூப்பிட்டார்கள், திரும்பவில்லை.

"நேத்து அழுதா அந்தக் கதவு வரைக்கும் கேட்டுச்சு சிஸ்டர்," என்றேன். "இன்னிக்கு என் மடியிலதான் கீது. எனக்கே கேக்கல."

அவர் உடனே அட்டையை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ஆங்கிலம். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். முதல் வார்த்தை 'மதர்' என்று இருந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் சர்ச் போர்டில் அந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறேன். மாதாவை ஏன் இதில் எழுதுகிறார் என்று பயந்துவிட்டேன்.

"மதர்னு யார எழுதறீங்க சிஸ்டர்?"

"உங்களத்தான். 'மதர் சேஸ்.' அம்மா சொல்றாங்க, அழுகை நேத்தைக்கு மாதிரி இல்லன்னு."

குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். எழுந்து போய் டியூட்டி டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். சின்ன வயது டாக்டர், கன்னடக்காரர், தமிழ் பேசுவார். கால்மாட்டில் நின்று அட்டையைப் பார்த்தார். சிவப்பு வட்டத்தையும் பார்த்தார்.

"டீனேஜ் ப்ரைமி, சிஸ்டர். இவங்க எல்லாத்துக்கும் பயப்படுவாங்க. சாயங்காலம் பாக்கலாம்."

"பயப்படல டாக்டர். சொல்றாங்க. நான் எழுதிட்டேன், டயமும் போட்டுட்டேன். நீங்க குழந்தையைத் தொட்டுப் பாருங்க. ஒண்ணுமில்லன்னா அதையும் கீழயே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. டாக்டர் குனிந்து குழந்தையைத் தொட்டார். தொட்டதும் அவர் முகம் மாறியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் பிரிவுக்கு ஓடினார்கள். ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. பதினோரு நாள் ஊசி. அந்த டாக்டரே பிறகு சொன்னார், சாயங்காலம்வரை விட்டிருந்தால் கஷ்டம் என்று. ஊசி ஆரம்பித்த நான்காம் நாள் ரவுண்ட்ஸ் வந்தபோது, என் அம்மாவைத் தாண்டி வந்து என்னிடம் கேட்டார்: "அம்மா, மகு ஹாலு குடீத்தா?" குழந்தை பால் குடித்ததா என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "குடீத்து சார், எட்டு நிமிஷம்" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பதில் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

அந்தப் பதினோரு நாளில், டியூட்டி முடிந்து போகும்போது சிஸ்டர் குழந்தைகள் பிரிவுக்கு வந்து என்னோடு கொஞ்ச நேரம் இருப்பார். ஒரு நாள் கேட்டேன்.

"நீங்க மட்டும் ஏன் சிஸ்டர் எங்கள நம்பறீங்க? உங்களுக்கும் சின்ன வயசுல கல்யாணம் ஆச்சா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைம்மா. நம்பிக்கைலாம் இல்ல. பயம்."

"இன்னா பயம்?"

கைப்பையைத் திறந்தார், மூடினார்.

"வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு பொண்ணு வந்துச்சு, உங்களவிடச் சின்னது. பாப்பா குடிக்கலைன்னு காலைலேந்து மூணு வாட்டி வந்து நின்னுச்சு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'உனக்குப் புடிக்கத் தெரியலடி, போய் உக்காந்து குடு.' நாலாவது வாட்டி அது வரல. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. சாயங்காலம் நானா போய்ப் பாத்தேன்."

கைப்பையை மறுபடியும் திறந்தார், மூடினார்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் என்னாண்ட வந்துச்சு. திட்டட்டும், அடிக்கட்டும்னு நின்னேன். 'ஸாரி சிஸ்டர், எனக்குப் புடிக்கத் தெரியல'ன்னுட்டுப் போச்சு. நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லிட்டுப் போச்சு. அது என்னைத் திட்டியிருந்தா மறந்துருப்பேன்."

கண்ணாடிக்குப் பின்னால் என் குழந்தை கை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிஸ்டர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. நானும் பன்னிரண்டு மணிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேனே.

அவரே பேச்சை மாற்றினார். அவருடைய அப்பா மைன்ஸில் வேலை பார்த்தவர். ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றுகிற கேஜ், அந்த இரும்புக் கூண்டின் இன்ஜினை மேலே இருந்து ஓட்டியவர்.

"மேல இருக்கறவருக்குக் கீழ நடக்கறது ஒண்ணும் தெரியாது. கீழேந்து மணி வரும். வந்தாதான் கேஜை அசைப்பாரு. வந்துச்சுன்னா அசைச்சே ஆவணும். மணி அடிச்சவனுக்கு வயசு இன்னா, எத்தினியாவது படிச்சான்னு எங்கப்பா ஒரு நாளும் கேட்டதில்ல. எனக்குத்தான் அது லேட்டாப் புரிஞ்சுது."

கூட வேலை செய்கிறவர்களுக்கு அவரைப் பிடிக்காது. ஒரு நர்ஸ் என் காதுபடவே சொன்னார்: "இதுங்களுக்கு இவ்ளோ மரியாதை குடுத்தா அடுத்த வருஷமும் வந்து நிக்கும் சிஸ்டர்." சிஸ்டர் சளைக்கவில்லை. "நிக்கட்டும். உன்னைப் பாத்துப் பயந்துகினு வீட்லயே கெடந்தா பரவால்லையா?"

அதற்காக எங்களைச் செல்லம் கொஞ்சினார் என்று நினைக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் குழந்தையை போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். சிஸ்டர் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு ஈரத்துணியைக் கையில் கொடுத்தார். "போட்டோவுக்கு மட்டும் அப்பாவா சார்? இத மாத்துங்க. எப்டின்னு உங்க வீட்டம்மா சொல்லுவாங்க, கேட்டுக்கங்க." வீட்டுக்குப் போகிற நாளில் என்னிடம், "அடுத்தது எப்போ?" என்றார். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். "அங்க இன்னா எழுதியா வெச்சிருக்கு? உங்களக் கேட்டேன்." மூன்று வருஷம் என்றேன். அப்புறம், "இல்ல சிஸ்டர், அஞ்சு" என்றேன். "அஞ்சா? எழுதிக்கறேன்" என்று நிஜமாகவே எழுதினார். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை, மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் சொன்னார்.

அதற்கு முன்பே ஒரு நாள், ஒன்று மட்டும் நான் அவரிடம் தைரியமாகச் சொன்னேன். "எங்கம்மாவையும் அப்டிப் பேசாதீங்க சிஸ்டர். அவளும் என்னைப் பத்தொம்பதுலதான் பெத்தா. அவளை யாரும் ஸ்டூல் போட்டுக் கேட்டதில்ல."

மறுநாள் மதியம் ஸ்டூல் கிரீச்சிட்டபோது நான் என் பக்கம்தான் வருகிறார் என்று நிமிர்ந்தேன். அவர் ஸ்டூலை அம்மாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. இவங்க பொறந்தப்ப இன்னா ஆச்சு?"

அம்மா முதலில் முறுக்கிக்கொண்டாள். பிறகு பேசினாள். அரை மணி நேரம் பேசினாள். எனக்கு அதில் பாதி தெரியாது. தன்னைக் கட்டிலில் இருந்து தரையில் இறக்கிவிட்டதும், இரண்டு நாள் என்னைக் கண்ணிலேயே காட்டாததும் அன்றைக்குத்தான் கேட்டேன். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா பாட்டின்னு மட்டும் கூப்புடாதீங்க" என்றாள். "சரிங்க பாட்டி" என்றார் சிஸ்டர்.

சிஸ்டர் ரிட்டயர் ஆகி, ஊரின் இன்னொரு மைன்ஸ் பகுதியான கோரமண்டலில் தம்பி மகனோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவேன். குழந்தை வளர வளர அதையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். "நீங்க பிஸ்கட் துன்றீங்களா?" என்பார். அது திரும்பி, "நீங்க துன்றீங்களா?" என்று கேட்கும். எங்கள் லைனில் என் மகள் ஒருத்திதான் நாய்க்குட்டியைக்கூட வாங்க என்று கூப்பிடுகிறவள்.

போன மாதம் சிஸ்டருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக, வாய் கோணி, இழுத்து இழுத்து வரும். காத்திருந்தால் புரியும். யாருக்கும் காத்திருக்க நேரமில்லை. நான் போனபோது வார்டில் ஒரு சின்ன நர்ஸ், கால்மாட்டில் நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். தம்பி மகனிடம் கேட்டாள்.

"பாட்டி சாப்ட்டாங்களா?"

"கொஞ்சம் கஞ்சி குடிச்சாங்க."

"வலி ஏதாச்சும் இருக்கா பாட்டிக்கு?"

"இல்ல, தூங்கிட்டுதான் இருக்காங்க."

"ஸ்டூல் போனாங்களா?"

சிஸ்டரின் கண் திறந்தது. இடது கையைத் தூக்கினார். "ஸ்... டூ... ல்," என்றார்.

"ஓ, இப்ப வருதா? இருங்க பாட்டி, இருங்க," என்று நர்ஸ் பெட்பான் எடுக்க ஓடினாள். சிஸ்டர் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை. "ஸ்டூ... ல்." தம்பி மகன், "கொண்டு வராங்க அத்தை, அவசரப்படாதீங்க" என்றான்.

எனக்கு மட்டும்தான் புரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து, அங்கே இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்தேன். கிரீச் என்றது. சிஸ்டரின் இடது பக்க வாய் மட்டும் சிரித்தது.

நர்ஸ் பெட்பானோடு வந்தாள். ஸ்டூலைத் தலைமாட்டில் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"அது வேணாம் சிஸ்டர். நீங்க இதுல உக்காருங்க. அவங்களயே கேளுங்க. லேட்டாதான் சொல்லுவாங்க, ஆனா சொல்லுவாங்க."

"நீங்க யாரு, மகளா?"

"பேஷன்ட்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். "சொல்லுங்க பாட்டி, வலி இருக்கா?"

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. வார்டில் இரண்டு பேர் நர்ஸைக் கூப்பிட்டார்கள். நான் அவள் தோளில் கை வைத்தேன். திரும்பாமல் இருந்தாள்.

"த... ல. நேத்... தவிட... ஜாஸ்தி."

நர்ஸ் முகம் மாறிவிட்டது. எழுந்திருக்கப் போனாள். சிஸ்டர் இடது கையால் அவள் பேனாவைத் தொட்டார். "எழு... து."

எழுதினாள். நான் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். 'பேஷன்ட் சேஸ்.' டாக்டர் வந்தார், மருந்தை மாற்றினார்கள். இரண்டு நாள் வலி இல்லாமல் தூங்கினார். அதற்கடுத்த நாள் காலையில் போய்விட்டார். தலைவலியோடு போகவில்லை. அது நான் செய்தது. அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

சர்ச்சில் நல்ல கூட்டம். பாதிப் பேர் எங்களை மாதிரி, குழந்தையோடு வந்த பெண்கள். சிலருடைய பிள்ளைகள் மீசை முளைத்து அம்மாவைவிட உயரமாக நின்றார்கள். ஒருத்தரையொருத்தர் தெரியாது. எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி என் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எத்தினி வயசுல?" என்று கேட்டாள். "பதினெட்டு," என்றேன், சத்தமாகவே. "எனக்குப் பதினேழு," என்றாள் அவள்.

அம்மா அன்றைக்கு ரயிலுக்குப் போகவில்லை. எப்போதும்போல எனக்கு முன்னால் நடந்தாள். எந்த வரிசையாக இருந்தாலும் அவள்தான் முன்னால், நான் பின்னால். முகம் பார்க்கும் வரிசை நகர்ந்து நகர்ந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்தது. அங்கே வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். ஒருவர், "நகருங்கம்மா" என்றார்.

அம்மா நகர்ந்து ஓரமாக வழிவிட்டாள். என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

"நான் பாட்டிங்க," என்றாள் அவரிடம். "அம்மா போவட்டும்."